பயத்துக்கு வேலை செய்யாத அக்கா

நெய்வேலியில் திடீரென்று ஃபேன் நின்றால் மற்றவர்கள் கரண்ட் போய்விட்டது என்பார்கள். எனக்கு மட்டும், இயேசு ஆண்டவருடைய இரண்டாம் வருகை நடந்து முடிந்து, எடுத்துக்கொள்ள வேண்டியவர்களை எல்லாம் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டாரோ என்று தோன்றும். எழுந்து போய்ப் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். இருப்பார். நிம்மதியாகத் திரும்பி வருவேன். அவர் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், அவர் இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்பது ராத்திரிச் சோறு பாதி செரித்த பிறகுதான் உறைக்கும்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் எங்கள் சபையில் செக்ரட்டரி பதவி. பயந்தவன் கையில் சாவியைக் கொடுத்தால் இரண்டு தடவை பூட்டுவான் என்பது பாஸ்டருக்குத் தெரியும்.

எங்கள் சபை டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் கூடுகிறது. முன்னால் நாற்காலிகள், பின்னால் பாய். யார் எதில் உட்காருவது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் தெற்கிலிருந்து வந்து பர்மனன்ட் வேலையில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்கள் நாற்காலியில் இருப்போம். சுற்றுக் கிராமங்களின் கான்ட்ராக்ட் ஆட்கள், அதிலும் காலனித் தெருக்காரர்கள், பாயில் இருப்பார்கள். பாட்டு பொது. ஜெபம் பொது. சகோதரன், சகோதரி எல்லாம் பொது. ஆராதனை முடிந்து மாடிப்படி இறங்கியதும் அவரவர் தெரு அவரவருக்கு.

அந்த அக்கா முதல்நாள் வந்து, இரண்டாவது வரிசை நாற்காலியில், பொருளாளர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் கனகாம்பரம். நான் ஓடிப்போய், "பாயில உட்காரலாமே, காத்தோட்டமா இருக்கும்" என்றேன்.

"காலு வலிக்குதுப்பா. ஒனக்குக் காத்து வேணும்னா நீ போயி உக்காரு" என்றாள்.

நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்தார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பொட்டும் பூவும் பழைய வாழ்க்கைக்குரியவை, எடுத்துவிட வேண்டும் என்று அன்பாக, ஆறு பேராகச் சொன்னார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எம் புருஷன் செத்தப்ப ஊருல எல்லாம் சேந்து எடுத்தாங்க. ஏசப்பாகிட்ட வந்தப்பறம்தான் நானா மறுபடியும் வெச்சிக்கினேன். இப்ப நீங்க எடுக்கணும்ன்றீங்க. என் தலையில பூ இருந்தா யாருக்குமே புடிக்கல போலருக்கே!"

ஒரு மாதம் கழித்து பூவும் பொட்டும் இல்லாமல் வந்தாள். பெண்கள் ஐக்கியம் சாட்சி சொல்லி, நன்றிப் பாட்டுப் பாடியது. அதற்கடுத்த வாரம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டால், "போன வாரம் பூக்காரி வரல" என்றாள்.

சபையில் ஒரு நாள் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "முன்ன எல்லாத்துக்கும் பயந்துகினு கெடந்தேன். இப்ப அது மாதிரி இல்ல. அவ்ளோதாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லும்படி கேட்டார். "அதுக்கு மேல இல்லீங்களே" என்றாள்.

அவள் வேலை பார்த்ததும் நான் இருந்த பிரிவில்தான் என்பது தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. நான் டைம் ஆபீஸில் ஷிப்ட் பட்டியல் போடுகிறவன். அவள் சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிக் கூடையில் கொட்டுகிறவள். கான்ட்ராக்ட். இருபது வருஷமாக கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், கூடை மாறும், அக்கா மாறவில்லை.

ஒரு திங்கட்கிழமை கேன்டீனில் நான் எங்கள் ஆபீஸ் ஆட்களோடு வரிசையில் நிற்கும்போது, அந்தக் கோடியிலிருந்து, "தம்பீ! நேத்து இன்னா கூட்டத்துக்கு வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று ஒரு குரல். கேன்டீனே திரும்பியது. பக்கத்தில் நின்றவர், "யாரு சார், ஒங்க அக்காவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பிற்பகலில் அவளைத் தனியாகப் பார்த்தபோது, "அக்கா, இங்க மட்டும் சார்னு கூப்பிடுங்க. ஆபீஸ்ல தப்பா நெனப்பாங்க" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. எனக்குத்தான், அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

"சரி சார்" என்றாள். இரண்டு அடி நடந்து திரும்பி, "வெயில்ல நிக்காத தம்பி, உள்ள போ" என்றாள்.

அவளுக்கு அது வேண்டுமென்று செய்ததல்ல. வாயில் வருவதை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கோ காரணங்கள் மட்டுமே தெரியும்.

ஆண்டவரிடம் நான் செய்த பொருத்தனைகளை, அதாவது நேர்த்திக்கடன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் பாஸாக வேண்டும் என்று காபியை விட்டேன். மனைவியின் ஸ்கேன் நன்றாக வர வேண்டும் என்று டீயை விட்டேன். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியபோது, அது வாயுவா மாரடைப்பா என்று தெரிவதற்கு முன்பே, கோழி, மீன், முறுக்கு, கிரிக்கெட் நான்கையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டேன். வாயுதான். ஆனால் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கினால் அடுத்தது நிஜமாகவே மாரடைப்பாக வந்துவிடுமோ என்று பயம். கடைசியில் கேன்டீனில் ஒரு டம்ளர் வெந்நீரை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். "இன்னா தம்பி, வெந்நி? பேதியா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கு உட்பட. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"கான்ட்ராக்டருகிட்டதான் நாங்க பேரம் பேசுவோம். நீ இன்னா, அப்பங்கிட்டப் போயி முறுக்க வெச்சிப் பேரம் பேசிக்கினு இருக்கிற?"

"அப்படி இல்லக்கா. நாம ஏதாவது கொடுத்தாத்தான்..."

"நீ பர்மனன்ட்டுப்பா" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அவரு ஒன்ன என்னைக்கோ பர்மனன்ட் பண்ணிட்டாரு. நீ இன்னும் கேட்டாண்ட நின்னுகினு, இன்னிக்கு உள்ள வுடுவாங்களா மாட்டாங்களான்னு பாத்துகினு இருக்கிற."

இருபது வருஷம் கேட்டில் நின்று தினமும் அதைப் பார்த்தவள் சொன்னாள். அவள் எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். குடித்தேன். அன்று முழுவதும் மனைவியின் போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பது வேறு விஷயம்.

புது வருஷத்தன்று காலை ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அதிலிருக்கும் வசனம் அந்த வருஷம் முழுக்க அவருக்கு. எனக்கு வந்தது, நெருப்பில் நடந்தாலும் கூடவே இருப்பேன் என்ற பொருளில் ஒரு வசனம். மற்றவர்கள் கூடவே இருப்பதைப் படித்திருப்பார்கள். நான் நெருப்பைப் படித்தேன். பழுப்பு நிலக்கரி தானாகவே புகையும் ஊரில் இது என்ன வசனம் என்று வியர்த்துப்போய் நின்றவனிடம் அக்கா தன் அட்டையை நீட்டினாள். அதில் ஆசீர்வாதமும் சமாதானமும் பொங்கி வழிந்தன. "இத வெச்சிக்கோ. ஒன்னுத எனக்குக் குடு. எல்லாம் ஒருத்தரு சொன்னதுதான?" என்றாள். மாற்றிக்கொண்டேன். வெட்கமில்லாமல், நொடியும் யோசிக்காமல் மாற்றிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அவளுடைய மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் ஆளாக நிற்கிறவன். தாய் சபைக்கு வருவதை அவன் ஒரு நாளும் தடுத்ததில்லை. மழை நாட்களில் அவனே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். ஒரு தடவை என்னிடம் சொன்னான்: "எங்கம்மா எதுக்கும் அழுது நான் பாத்தது இல்ல சார். எங்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும். நாங்ககூட அம்மாவுக்குப் பெருசா இல்லியோன்னு தோணும்." நான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது கைமீறிப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தோம். மூன்றாம் நாள் பாஸ்டர் என்னை அழைத்து வேறொன்று சொன்னார். அக்கா இறந்துபோனால் மகன் ஊர் வழக்கப்படி மேளம் அடித்து, சடங்கு செய்து, எரித்துவிடுவான். சபை அடக்கம் செய்ய வேண்டுமானால், அதுதான் தன் விருப்பம் என்று அக்கா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். செக்ரட்டரி போய் வாங்கி வர வேண்டும்.

கடிதத்தை நானே டைப் அடித்தேன். எழுத்துப்பிழை இருந்தால் செல்லாமல் போய்விடுமோ என்று நான்கு தடவை படித்தேன்.

கம்மாபுரம் போகும் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் அவர்கள் தெரு. சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த மனைகள். அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்தத் தெருவுக்குள் போனது அன்றுதான். அக்கா கட்டிலில் கிடந்தாள். நான் பார்த்த உடம்பில் பாதி இல்லை. மருமகள் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"வேணாம் தம்பி."

"அக்கா, நீங்க யோசிக்காம சொல்றீங்க. அவங்க பொட்டு வெப்பாங்க, அரிசி போடுவாங்க, கொள்ளி வெப்பாங்க..."

"வெக்கட்டும். எம் மவன் இந்தத் தெருவுல இருக்கணும். நான் சாமி கும்புடறதுக்கு அவன் ஒரு நாளும் குறுக்க நிக்கல. என் பொணத்துக்கோசரம் நான் அவன் குறுக்க நிக்கறதா?"

"உயிர்த்தெழுதல்னு ஒண்ணு இருக்கேக்கா..." என்றேன். அது அவளைப் பற்றிய கவலையா, எரிந்துபோனால் என்ன ஆகும் என்று எனக்கிருந்த கவலையா, தெரியாது.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மாவ நான் பொறந்த ஊரு இடுகாட்டுல பொதைச்சோம். அந்த ஊரு இப்ப இருக்குதா? மிஷினு வெட்டி, மண்ணு பெல்ட்டுல ஏறி, அந்தாண்ட மலையாட்டம் கெடக்குது. நான் இருவது வருஷம் வாரிக் கொட்டன மண்ணுல எங்கம்மா எந்தக் கூடையில போனாளோ, யாருக்குத் தெரியும்? அவளத் தேடி எழுப்பறவருக்கு என்ன எழுப்பத் தெரியாதா?"

மருமகள் சமையலறைப் பக்கம் போய்விட்டாள். நான் தண்ணீரைக் குடிக்காமலே இருந்தேன்.

"ஒங்களுக்குப் பயமே இல்லியாக்கா?"

"யாரு சொன்னா இல்லன்னு? ராவெல்லாம் பயந்துகினுதான் கெடக்கறேன். அது பாட்டுக்கு வருது. வந்து, அதச் செய்யி, இதச் செய்யின்னுது. நான் அதுக்கு வேலை செய்ய மாட்டேன். அவ்ளோதான். அதுக்குன்னு ஊருல ஆளா இல்ல?"

கடைசி வார்த்தைக்கு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த நிலையிலும்.

"பாஸ்டருக்கு என்னக்கா சொல்றது?"

"நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லு. சொல்லப் பயமா இருந்தா, நான் தூங்கிகினு இருந்தேன்னு சொல்லிடு."

அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

பதினோரு நாள் கழித்து காலையில் மகன் போன் செய்தான். விடியும்போது போய்விட்டாளாம். நான் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வருத்தம் தெரிவித்து நிறையக் கும்பிட்ட கைகள் வந்தன. பிறகு பாஸ்டரின் செய்தி வந்தது: சகோதரியின் காரியங்கள் நம் முறைப்படி நடக்கவில்லை, விசுவாசிகள் அங்குள்ள சடங்குகளில் பங்குபெற வேண்டாம். அதற்கும் கும்பிட்ட கைகள் வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

போய் முகத்தைக் காட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முகத்தைக் காட்டுவது என்பதும் சும்மா சொல்வதுதான். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றேன். சாவு வீட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் எல்லோர் கண்ணிலும் படுவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. பந்தலுக்குக் கீழே அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரர்களும் தட்டில் கோடி என்கிற புதுச் சேலை வைத்து, மேளம் முன்னால் வர, தெருமுனையிலிருந்து கொண்டுபோய்ப் போர்த்தினார்கள். சம்பந்தி வீட்டுக் கோடி, பங்காளி வீட்டுக் கோடி என்று துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் முறையைச் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தார்.

மகன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். நேராக வந்தான். தலைக்குக் குளித்து ஈரவேட்டியோடு இருந்தான்.

"சார், பொறந்த வூட்டுக் கோடி போட ஆளு இல்ல. அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இப்ப இல்ல. ஊரு போனப்பறம் அம்மா வூட்டுப் பங்காளிங்களும் எங்கெங்கியோ போயிட்டாங்க. பொறந்த வூட்டுக் கோடி இல்லாம தூக்கக் கூடாதுன்றாங்க. பொடவை நானே வாங்கி வெச்சிட்டேன். போடத்தான் ஒரு கை வேணும்."

"எங்க சபையில ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

"தெரியும் சார்" என்றான். வற்புறுத்தவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். ஐந்தாறு அடி போயிருப்பான். பந்தலில் யாரோ, "இன்னும் எவ்ளோ நேரம் போட்டு வெச்சிருக்கறது? வரமாட்டாங்கன்னா வுடுங்கப்பா, அநாதையாத்தான் போவணும்னு எழுதியிருந்தா..." என்றார்கள்.

"குடுப்பா" என்றேன்.

மஞ்சள் தட்டில் பச்சைச் சேலை. கையில் வாங்கியதும் மேளக்காரர்கள் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். பாக்கெட்டில் போன் இருந்தது. பாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. இரண்டு கையிலும் தட்டு.

பெரியவர் மேளத்தை நிறுத்தச் சொன்னார். "பொறந்த வூட்டுக் கோடி. இன்னா முறைன்னு சொல்றது?"

மேளம் நின்ற அந்த இடைவெளிக்குள் நான் பயப்பட வேண்டியதை எல்லாம் பயந்து முடித்தேன். பாஸ்டருக்குப் பயந்தேன். வாட்ஸ்அப் குழுவுக்குப் பயந்தேன். இந்தக் கூட்டத்தில் எங்கள் பிரிவு ஆட்கள் நான்கு பேராவது இருப்பார்கள், நாளைக்கு ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிடும். தெற்கே என் பெரியப்பா வீட்டுக்குப் போகும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு அதற்கு முன்பே போகும். எந்தத் தெருவில் போய் யாருக்கு என்ன முறை சொன்னாய் என்று கேட்பார்கள்.

"தம்பி" என்றேன்.

"இன்னாங்க? கேக்கல."

தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டையும் செருப்பையும் கழற்றிக் கீழே வைத்தேன். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"கூடப்பொறந்த தம்பி."

பெரியவர் என் சட்டையைப் பார்த்தார், இஸ்திரி மடிப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியாததா? துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில், "பொறந்த வூட்டுக் கோடி! கூடப்பொறந்த தம்பி கொண்டாறாரு! வழி வுடுங்க!" என்றார்.

வழி விட்டார்கள். மேளம் முன்னால் போனது. செருப்பில்லாத கால் சுட்டது.

அக்காவின் மேல் ஏற்கெனவே ஏழெட்டுச் சேலைகள் கிடந்தன. பச்சைச் சேலையைப் பிரிக்க எனக்கு வரவில்லை. கை அப்படி நடுங்கியது. ஒரு முனை வழுக்கிக் கீழே விழுந்தது. மகன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். கழுத்திலிருந்து கால் வரைக்கும் போர்த்தினேன். சுருக்கம் விழுந்தது. நீவிவிட்டேன். நடுக்கம் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "கூடப்பொறந்ததுன்னா சும்மாவாடி? அந்த மனுசனுக்குக் கை எப்டி நடுங்குது பாரு."

அது வேறு நடுக்கம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.